கன்ன வலியும் ஃபிட்ஸ் மாத்திரையும்

பல் துலக்க பிரஷ்ஷை வாயில் வைத்ததும் கன்னத்தில் சுரீரென்று ஒரு வெட்டு. இரண்டு நொடிதான், மூன்று நொடிதான். அதற்குள் கண்ணில் நீர் கோத்துவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல முகம் அடங்கிவிடும். அடுத்த வாய் காபிக்கு மறுபடி வரும். ஃபேன் காற்று பட்டால் வரும். முகம் கழுவினால், சவரக்கத்தி மேலுதட்டை உரசினால், போனை எடுத்து "ஹலோ" என்று சொன்னால்கூட வரும். வலி பல்லின் வேரிலிருந்து கிளம்புவதாகவே தோன்றுவதால் முதலில் பல் மருத்துவரிடம்தான் போகிறார்கள். அதில் தவறே இல்லை; தாடைப் பக்கத்து வலிகளில் பெரும்பாலானவை பல்லால் வருபவைதான். ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தும் நிற்காமல், அந்தப் பல்லைப் பிடுங்கியும் நிற்காமல், பக்கத்துப் பல்லையும் பறிகொடுத்த பிறகு யாரோ ஒருவர் நரம்பு மருத்துவரிடம் அனுப்புகிறார். அங்கே நோயின் பெயர் தெரியவருகிறது: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக்கிளை நரம்பு வலி.

மருந்துச் சீட்டில் பெரும்பாலும் கார்பமசெபின் என்று எழுதியிருக்கும். மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர், "இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, வீட்ல யாருக்குங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நம்பிக்கை போய்விடுகிறது. வலிப்பே வராத எனக்கு எதற்கு வலிப்பு மாத்திரை? மீதி நம்பிக்கை மூன்றாம் நாள் தலைசுற்றலில் போய்விடுகிறது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு நோய் இன்னதென்று கண்டுபிடித்தும், சிகிச்சையின் முதல் ஆறு வாரங்களில் மருந்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரையின் குணத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களில் பலர் தாக்குப்பிடித்திருப்பார்கள். ஆகவே நோயைவிட அந்த ஆறு வாரங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது.

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவது இந்த முக்கிளை நரம்பு. காதுக்கு முன்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு முடிச்சாகத் திரண்டு மூன்று கிளைகளாகப் பிரிகிறது. மேல்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், நடுக்கிளை கன்னத்துக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும், கீழ்க்கிளை தாடைக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் போகின்றன. முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் மூளைக்குச் சொல்வது இந்த நரம்புதான். நோய் பெரும்பாலும் நடுக்கிளையிலோ கீழ்க்கிளையிலோ வருகிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், அதிலும் வலப்பக்கத்தில் சற்று அதிகமாக. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு, கூடுதலாக வருகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அரிய நோய்தான்; ஆனால் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் அப்படியொன்றும் காணக்கிடைக்காத நோயும் அல்ல.

வலி எங்கே பிறக்கிறது? பல்லிலும் அல்ல, கன்னத்திலும் அல்ல. நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகில். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. மூளைக்கு உள்ளே அந்த உறையை ஒருவகைச் செல்கள் அமைக்கின்றன, மூளைக்கு வெளியே வேறுவகைச் செல்கள். இரண்டும் சந்திக்கும் எல்லை பலவீனமான இடம். வயது ஏற ஏற நீண்டு வளைந்துபோன ஒரு ரத்தக்குழாய், பல நேரங்களில் சிறுமூளைக்குப் போகும் மேல் தமனி, அந்த இடத்தில் நரம்பின்மேல் சாய்ந்து ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் இடித்துக்கொண்டிருந்தால் உறை தேய்ந்துபோகிறது. உறை தேய்ந்த இழைகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. தொடுவுணர்வைக் கொண்டுபோகும் இழையின் சமிக்ஞை பக்கத்திலிருக்கும் வலி இழைக்குத் தாவிவிடுகிறது. மெல்லிய தொடுகை பெரும் வலியாக மாறுவது இப்படித்தான். அழுத்திப் பிடித்தால் வராத வலி, துண்டின் நுனி பட்டதும் வருவதும் இதனால்தான்.

காயமே இல்லாத இடத்தில் பாராசிட்டமாலும் புரூஃபனும் என்ன செய்யும்? திசு அடிபட்டு வீங்கும்போது உண்டாகும் வேதிப்பொருள்களைக் குறைப்பது அவற்றின் வேலை. இங்கே வீக்கமும் இல்லை, புண்ணும் இல்லை. எனவே வலிமாத்திரையைப் பட்டை பட்டையாக விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம் என்று நோயாளிகள் சொல்வது முற்றிலும் உண்மை.

பல்வலி என்று எண்ணிவிடும் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. தத்துவ அறிஞரும் மருத்துவருமான ஜான் லாக், 1677-ல் பாரிசில் ஆங்கிலேயத் தூதரின் மனைவிக்கு வந்த இதே போன்ற முகவலியைப் பற்றி விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த அம்மையாருக்கும் பல் பிடுங்கப்பட்டிருந்தது, வலி நின்றபாடில்லை. லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773-ல் பல நோயாளிகளைக் கவனித்து இந்த நோயின் குணங்களைத் துல்லியமாக வரையறுத்தார். வரையறுத்தாரே தவிர, கொடுக்க நல்ல மருந்து எதுவும் அப்போது இல்லை. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு நோயாளிகள் பட்ட பாட்டை எழுத இந்தக் கட்டுரை போதாது: நரம்பை வெட்டினார்கள், சாராயத்தை ஊசியால் நரம்புக்குள் செலுத்தினார்கள், நரம்பு முடிச்சையே எடுத்தார்கள். வலி போனது, கூடவே முகத்தின் உணர்வும் போனது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் கார்பமசெபினை உருவாக்கினார். வலிப்புக்கு உதவும் என்று தெரிந்தது. 1962-ல் சிக்ஃப்ரிட் புளோம் என்ற ஸ்வீடன் மருத்துவர், அப்போது ஜி-32883 என்ற எண்ணால் மட்டும் அழைக்கப்பட்ட அந்தப் பொருளை முக்கிளை நரம்பு வலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கிடைத்த நிவாரணத்தை லான்செட் இதழில் எழுதினார். அமெரிக்காவில் 1968-ல் இந்த மருந்துக்கு முதலில் கிடைத்த அனுமதி வலிப்புக்காக அல்ல, முக்கிளை நரம்பு வலிக்காகத்தான். மருந்துக் கடையில் அந்தக் கேள்வி எழும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோய்க்கு இது கடன் வாங்கிய மருந்து அல்ல.

வலிப்புக்கும் முகவலிக்கும் ஒரே மருந்து எப்படி? நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதற்கான நுண்ணிய வழிகள் இருக்கின்றன. அவை திறந்தால் சமிக்ஞை கிளம்பும். உடனே மூடிக்கொண்டு, மறுபடி திறக்கச் சற்றே நேரம் எடுத்துக்கொள்ளும். கார்பமசெபின் அந்த மூடிய நிலையில் போய் ஒட்டிக்கொண்டு, அவை மறுபடி திறப்பதைத் தாமதப்படுத்துகிறது. எப்போதாவது ஒருமுறை சமிக்ஞை அனுப்பும் நல்ல நரம்பு இதனால் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கும் கோளாறான நரம்புதான் அடங்குகிறது. வலிப்பின்போது மூளையின் ஒரு பகுதியிலும், முகவலியின்போது ஐந்தாம் நரம்பிலும் நடப்பது அந்த ஓயாத வெடிப்புதான். கன்னத்தின் இயல்பான தொடுவுணர்வை மரக்கடிக்காமலேயே வலியை மட்டும் இந்த மருந்தால் குறைக்க முடிவது இதனால்தான்.

ஆனால் அதே சோடியம் வழிகள் மூளை முழுதும் இருக்கின்றன, சிறுமூளையிலும் இருக்கின்றன. மருந்து ரத்தத்தில் ஏறியதும் தலைசுற்றல், தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், சிலருக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, குமட்டல் எல்லாம் வருவது அதனால்தான். மருந்து சேரவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. தேவைக்கு மேல் வேகமாக ஏறிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். 100 மி.கி. அளவில், நாளுக்கு ஒன்றோ இரண்டோ வேளை தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை 100 அல்லது 200 மி.கி. கூட்டிக்கொண்டே போவதுதான் வழக்கமான முறை. பலருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 மி.கி.க்குள் வலி அடங்கிவிடும். மேல்வரம்பு பொதுவாக 1200. வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகக் கூட்டவேண்டும். வலி தாங்காமல் தாமாகவே இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று தூக்கிப்போட்டவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு மருந்து அல்ல, இன்னும் சில நாள் பொறுமையும் போன் செய்து கேட்க ஓர் எண்ணும்தான்.

முதல் இரண்டு வாரம் டூவீலர் ஓட்டாதீர்கள். இரவில் கழிவறைக்கு எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு நடங்கள். அறுபது வயதுக்காரர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், முகவலியைவிடப் பெரிய துன்பம் வீட்டுக்குள் வந்துவிடும். மது இந்த மயக்கத்தைப் பலமடங்காக்கும்.

இதைவிட முக்கியமான இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இது வலி வரும்போது போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல. சாதாரண கார்பமசெபின் மாத்திரை ரத்தத்தில் உச்ச அளவை எட்டவே 4, 5 மணி நேரம் ஆகிறது. காலை இட்லி சாப்பிட முடியவில்லை என்று எட்டு மணிக்கு மாத்திரை போட்டால், அது அந்த இட்லிக்கு உதவாது. மதியச் சாப்பாட்டுக்குத்தான் உதவும். காலை உணவைக் காப்பாற்றுவது முந்தைய இரவின் மாத்திரை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வேளையில், அதே இடைவெளியில் போடவேண்டும். ஒரே நாளுக்குள் மருந்தளவு ஏறி இறங்கி, ஏறும்போது தலைசுற்றலும் இறங்கும்போது வலியும் வருகிறது என்றால், மெதுவாகக் கரையும் சி.ஆர். வகை மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அந்த வகையை நுணுக்கியோ மென்றோ விழுங்கக்கூடாது.

சரியான அளவை எட்டியதும் பலருக்கு ஓரிரு நாளிலேயே வலி குறைந்துவிடும். வேறெந்த வலிமாத்திரைக்கும் அடங்காத முகவலி இந்த மாத்திரைக்கு அடங்குவதையே நோயை உறுதிசெய்யும் ஓர் அடையாளமாக மருத்துவர்கள் கொள்வதுண்டு. மாதக்கணக்கில் கஞ்சியைக்கூடப் பயந்து பயந்து குடித்தவர் திடீரென்று முறுக்கைக் கடிக்க முடிந்தால் எப்படி இருக்கும்! குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். மருந்து நரம்பின் துடிப்பை அடக்கியிருக்கிறதே ஒழிய, தேய்ந்த உறையைச் சரிசெய்யவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலி திரும்பும். வலிப்பே வந்திராதவருக்கும், அரிதாக, வலிப்பு வரும் அபாயம் உண்டு. நீண்ட நாள் வலியில்லாமல் இருந்த பிறகு, அளவை மெதுவாகக் குறைத்துப் பார்ப்பது மருத்துவரோடு சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் இன்னொரு சோதனை வரும். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்து கேட்காமல் போவதுபோலத் தோன்றும். காரணம் நரம்பில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. கார்பமசெபினைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை அந்த மருந்தே தூண்டிவிடுகிறது. தொடக்கத்தில் உடலில் இருக்கும் மருந்தின் பாதி வெளியேற 25 முதல் 65 மணி நேரம் ஆகும். சில வாரங்களில் அது 12 முதல் 17 மணி நேரமாகக் குறைந்துவிடும். அதாவது, அதே மாத்திரையை அதே வேளையில் போட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. இந்த மாற்றம் 3 முதல் 5 வாரத்தில் முடிந்து, பிறகு நிலையாகிவிடும். முதல் மாதக் கடைசியில் வலி எட்டிப்பார்த்தால், மருந்து தோற்றுவிட்டது என்று பொருளல்ல. அளவைச் சற்றுக் கூட்டவேண்டிய நேரம் வந்திருக்கிறது என்று பொருள். நல்ல பக்கமும் இதற்கு உண்டு: அதே காரணத்தால் தொடக்கத்தில் இருந்த தலைசுற்றலும் இந்த வாரங்களில் பலருக்குக் குறைகிறது. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே நோயாளியிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நெரிசலான புறநோயாளர் பிரிவில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் மருந்தை எழுதுவது அரைச் சிகிச்சை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பொறுத்துக்கொள்ளவேண்டிய தொல்லைகளைச் சொன்னேன். பொறுக்கவே கூடாதவையும் இருக்கின்றன. தோலில் தடிப்போ சிவப்புத் திட்டுகளோ, அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் கொப்புளித்து உரிவது என்று எது தென்பட்டாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கடுமையான ஒவ்வாமையின் தொடக்கமாக அது இருக்கலாம், உயிரையே பறிக்கக்கூடியது. பெரும்பாலும் சிகிச்சையின் முதல் சில மாதங்களிலேயே வருகிறது. ஐரோப்பிய வம்சாவளியினர் அதிகமுள்ள நாடுகளில் புதிதாக மருந்து தொடங்குவோரில் பத்தாயிரத்தில் 1 முதல் 6 பேருக்கு வரும் இது, சில ஆசிய நாடுகளில் ஏறக்குறைய பத்து மடங்கு. 2004-ல் தைவான் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கார்பமசெபினால் இந்த ஒவ்வாமைக்கு ஆளான 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. பிறகு தைவானிலேயே, மருந்து தொடங்குமுன் ஏறத்தாழ 4,900 பேருக்குச் சோதனை செய்து, அந்த மரபணு உள்ளவர்களுக்கு மட்டும் மருந்தைத் தவிர்த்தபோது ஒருவருக்குக்கூட அந்த ஒவ்வாமை வரவில்லை. இந்த முடிவு 2011-ல் வெளியானது. சீனர், மலாய்க்காரர், தாய்லாந்துக்காரர்களிடையே இந்த மரபணு வகை அதிகம்; இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்கு, அங்குள்ள தமிழர்கள் உட்பட, மருந்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது நடைமுறைக்கு வந்தது. நம் ஊரிலும் பெரிய நகரங்களில் வசதி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். சோதனை சரியென்று வந்தாலும் தோலைக் கவனிப்பதை நிறுத்தக்கூடாது. வேறு வகை ஒவ்வாமைகளும் உண்டு.

ரத்தத்தில் சோடியம் குறைவது இன்னொன்று. வயதானவர் காரணமில்லாமல் சோர்ந்து கிடக்கிறார், தலைவலி என்கிறார், பேச்சு குழறுகிறது, பேரனின் பெயர் மறந்துவிட்டது என்றால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் சோடியம் அளவைப் பார்க்கவேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சேர்ந்த மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். நம் வீடுகளில் பிளட் பிரஷர் மாத்திரை போடாத அறுபது வயதுக்காரர் எத்தனை பேர்? மருந்து தொடங்குமுன் ஒருமுறை, தொடங்கிய சில வாரங்களில் மறுபடி என்று ரத்த அணுக்கள், கல்லீரல், சோடியம் மூன்றையும் பார்ப்பது நல்லது. வெள்ளணுக்கள் சற்றுக் குறைவது சிலருக்கு நடக்கும், பெரும்பாலும் தானே சரியாகும். மிக அரிதாக எலும்பு மஜ்ஜையே முடங்குவதுண்டு. விடாத காய்ச்சல், தொண்டைப்புண், காரணமில்லாத ரத்தக்கசிவு ஆகியவற்றை அசட்டை செய்யக்கூடாது.

கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால் இந்த மருந்து மற்ற மருந்துகளின் வேலையிலும் தலையிடுகிறது. கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வீரியம் குறையலாம். மறுபக்கம், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் கார்பமசெபினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பல் மருத்துவரிடமோ தொண்டை வலிக்கோ போகும்போது நீங்கள் எடுக்கும் மாத்திரையைக் காட்டாமல் திரும்பாதீர்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியை இந்த மருந்து பாதிக்கக்கூடும்.

ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடுத்த தேர்வு ஆக்ஸ்கார்பசெபின். மற்ற மருந்துகளோடு மோதல் இதில் குறைவு, சோடியத்தைக் குறைப்பது அதிகம். கார்பமசெபினால் ஒவ்வாமை வந்தவர்களில் 100-க்கு 25 முதல் 30 பேருக்கு இதுவும் சேராது என்பதால், தடிப்பு வந்தவர் இதற்கு மாறுவதும் கவனமாகச் செய்யவேண்டியது. காபாபென்டின், பிரிகாபலின், பக்லோஃபென், லாமோட்ரிஜின் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

மருந்தளவு ஏறிக்கொண்டிருக்கும் வாரங்களில் அன்றாடத்தை எப்படி ஓட்டுவது? சூடாகவும் வேண்டாம், சில்லென்றும் வேண்டாம். வெதுவெதுப்பான, மெல்லத் தேவையில்லாத உணவு. கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், மசித்த இடியாப்பம், தயிர்சாதம். வலியில்லாத பக்கமாக விழுங்கலாம்; சிலருக்கு ஸ்ட்ரா உதவும். சாப்பிடப் பயந்து எடை குறைந்துபோவது இந்த நோயில் சாதாரணம் என்பதால், வலி குறைவாக இருக்கும் வேளையைக் கண்டுகொண்டு அப்போது வயிறாரச் சாப்பிடுவது நல்லது. வெளியே போகும்போது மஃப்ளர் அல்லது மெல்லிய துணி, பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், படுக்கையில் ஃபேன் நேராக முகத்தில் அடிக்காமல் இருக்கட்டும். கிராம்பு எண்ணெய், பூண்டு அரைத்துப் பற்றுப் போடுவது எல்லாம் தடவும்போதே வலியைத் தூண்டும். பல் துலக்குவதை மட்டும் அடியோடு விட்டுவிடாதீர்கள். மிருதுவான பிரஷ்ஷால் வலியில்லாத வேளையில் துலக்கி, மற்ற நேரத்தில் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளியுங்கள். இல்லாவிட்டால் உண்மையான பல்வலியும் சேர்ந்துகொண்டு எது எதுவென்று தெரியாமல் போகும்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மி.கி., எத்தனை முறை வலி, எது தூண்டியது, தலைசுற்றல் எப்போது. அளவைக் கூட்டுவதா, வேளையை மாற்றுவதா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே மருத்துவரால் சொல்ல முடியும். "இன்னும் வலிக்குது டாக்டர்" என்ற ஒரு வரியிலிருந்து அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. பேசினால் வலிக்கும் என்பதால் நோயாளி பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார். சிரித்தால் வலிக்கும் என்பதால் முகத்தை அசைக்காமல் வைத்திருக்கிறார். அதைக் கோபம் என்றும் அலட்சியம் என்றும் எடுத்துக்கொண்டு குடும்பத்துக்குள் மனக்கசப்பு வளர்கிறது. வெளியே வீக்கமில்லை, காயமில்லை, ஸ்கேனிலும் சில நேரம் ஒன்றும் தெரிவதில்லை என்பதால் "சும்மா நடிக்கிறா" என்ற பேச்சும் எழுகிறது. அடுத்த வெட்டு எப்போது விழும் என்ற அச்சம் வலியில்லாத நேரத்தையும் தின்றுவிடுகிறது. கல்யாண வீட்டில் யாராவது கன்னத்தில் சந்தனம் தடவிவிடுவார்களோ என்று பயந்து விசேஷங்களுக்கே போகாமல் இருக்கிறார்கள். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் "தற்கொலை நோய்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, இணையத்தில் தேடியதும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நேற்றுத்தான் நோயின் பெயரைத் தெரிந்துகொண்ட ஒருவருக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது. மருந்துக்கு இவ்வளவு நன்றாகக் கட்டுப்படும் நரம்பு வலிகள் குறைவு என்பதுதான் அவருக்குச் சொல்லவேண்டிய செய்தி. மனம் மிகவும் தளர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்கக்கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

நாற்பது வயதுக்குள் இந்த வலி வந்தாலோ, முகத்தின் இரு பக்கமும் வந்தாலோ, கன்னம் மரத்துப்போனாலோ, அதே பக்கக் காது மந்தமானாலோ எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடக்கூடாது. நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயோ, நரம்பை அழுத்தும் கட்டியோ காரணமாக இருக்கலாம். மற்றவர்களுக்கும் ஒருமுறை எம்.ஆர்.ஐ. பார்ப்பதே இப்போது பொதுவான வழக்கம்.

மருந்து போதாமல் போனாலோ, வலியை அடக்கும் அளவு மயக்கத்திலேயே வைத்திருந்தாலோ, அறுவை சிகிச்சை இருக்கிறது. ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டான்டி 1930-களிலேயே கண்டு சொன்னார். நுண்ணோக்கியின் துணையோடு அந்தக் குழாயை விலக்கி, இடையில் மெத்தைபோல ஒரு சிறு துண்டை வைக்கும் முறையை 1960-களின் பிற்பகுதியில் பீட்டர் ஜனெட்டா நிலைநாட்டினார். அவருடைய குழு 1996-ல் வெளியிட்ட கணக்கின்படி, பத்தாண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 70 பேர் மருந்தில்லாமல் வலியில்லாமல் இருந்தார்கள். இந்தி நடிகர் சல்மான் கான் தமக்கு இந்த நோய் இருந்ததையும் அமெரிக்காவில் அறுவை செய்துகொண்டதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மண்டையைத் திறக்கும் அறுவை தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கு ஊசி வழியாக நரம்பு முடிச்சைச் சூடாக்குவது, பலூனால் அழுத்துவது, காமா கத்தி என்ற கதிர்வீச்சு என்று வேறு வழிகளும் உண்டு. அறுவை என்றதும் எல்லா மருந்தும் தீர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் தள்ளாமல், மருந்து தடுமாறத் தொடங்கும்போதே ஒரு நரம்பியல் அறுவை நிபுணரிடம் கருத்துக் கேட்டுவைப்பது நல்லது.

இன்று இந்த மருந்தைத் தொடங்குகிறவருக்கு ஒரு வேண்டுகோள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்குமுன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு கூட்டவேண்டும், தோலில் தடிப்பு வந்தால் இரவிலும் யாரை அழைப்பது, அடுத்து என்றைக்கு வரவேண்டும். அடுத்த தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். அதற்கடுத்த தேதி, கல்லீரல் தன் வேலையைக் காட்டும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் இருக்கட்டும்.